விற்ற வண்டி மனதை விட்டுப் போகாதபோது

தோட்டத்தை விற்றவருக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும். இருபது வருடம் ஓட்டிய அம்பாசடரை விற்றுவிட்டுத் தூக்கம் வராமல் புரளுகிறவரிடம், "இரும்புதானுங்களே, வேற ஒண்ணு வாங்கிக்கலாமுங்க" என்பார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். அதனால் கார் விற்ற வருத்தம் கோவை வட்டாரத்தில் பெரும்பாலும் வெளியே வராமல் போகிறது. போர்ட்டிகோ காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

இந்த வருத்தத்துக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார். அன்றிலிருந்து கொங்கு நாட்டில் வண்டி என்றால் பிழைப்பு. நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், பொள்ளாச்சித் தோப்புகளில் தேங்காய் ஏற்றிய ஜீப், திருப்பூரில் பனியன் மூட்டையோடு அலைந்த ஆம்னி. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டு ஆட்களுக்குச் சமமாக வைத்துக் கும்பிட்ட ஒன்றை, ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்து, ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, இடையில் கிடைத்த ஒரு புதன்கிழமை புரோக்கர் கையில் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதன் பிறகு மனம் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தயாராக இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்தவரை, இந்த வருத்தம் பெரும்பாலும் வண்டி போனதைப் பற்றியது அல்ல. அது போன விதத்தைப் பற்றியது. அதனால் இதில் பாதியையாவது வண்டி திரும்ப வராமலேயே சரிசெய்துகொள்ள முடியும். மீதிக்கு வண்டியைத் தேடிப் போகலாம். எப்படித் தேடுவது, கிடைத்தால் எப்படிப் பேசுவது, எப்போது விட்டுவிடுவது என்று பார்க்கலாம். அதற்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் உங்கள் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள்

வண்டி உங்கள் வாசலை விட்டுப் போயிருக்கலாம். ஆர்.சி.யை விட்டு உங்கள் பெயர் போயிருக்கிறதா? பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவு எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைக்கப்பட்டு வரும். முதல் எழுத்துகளைப் பார்த்தே அது நீங்கள்தானா என்று தெரிந்துவிடும். எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி இருக்கிறது, எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. கேரளத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ போனால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. இதற்கான படிவங்கள்தான் எல்லோரும் சொல்லும் 29, 30 ஃபாரம். நம் ஊரில் வழக்கம் வேறு மாதிரி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பேரு மாத்திக்கறமுங்க" என்று வண்டியை எடுத்துப் போவார்கள். அந்தக் கட்டு மூன்று கை மாறி, கடைசி ஆளிடம் அப்படியே மடித்தபடி கிடக்கும்.

இதில் என்ன ஆபத்து? பல கை மாறிய ஒரு கார் 2009இல் விபத்துக்குள்ளானது. பதிவேட்டில் இருந்தது முதலில் விற்றவரின் பெயர். வண்டியை விற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆன பிறகும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. வருத்தத்தோடு இந்தப் பயமும் சேர்ந்தால் தாங்க முடியாது. பெயர் இன்னும் மாறவில்லை என்றால் வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டின் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு 29ஆம் படிவத்தை இன்றே கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, நேரமும் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ-கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, அது உங்களுடையது. அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்தால் அடுத்த வண்டிக்கு உதவும்.

பெயர் மாறாமல் இருப்பதில் ஒரு நல்லதும் உண்டு: வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு இன்னும் உரிமை இருக்கிறது. வண்டியைத் தேடும்போது இது உதவும்.

எதற்காக வருத்தம் என்று பிரித்துப் பார்ப்பது

ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "வண்டியை விற்றது தப்பு" என்று எழுதாமல், அந்த வண்டியில் உங்களுக்கு எது குறைகிறது என்று எழுதுங்கள். சிலருக்கு வருவது விலை வருத்தம். மூன்று லட்சம் போயிருக்க வேண்டியதை இரண்டே காலுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற எரிச்சல். இது பணக் கணக்கு, இதற்கு வண்டியைத் தேட வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் ஆறிவிடும்.

இதில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கானெமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து, மீதிப் பேருக்கு விற்கச் சொன்னார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடம் கையில் வைத்திருந்த கோப்பைக்கே இந்த நிலை என்றால், பிள்ளையைப் பிரசவத்துக்கு அழைத்துப் போன காருக்கு எந்தச் சந்தை விலையும் குறைவாகத்தான் தோன்றும். விலையில் ஏமாந்தோம் என்று நினைப்பவர்களில் பலர் ஏமாறவில்லை. அந்த விலைக்குள் அடங்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அவசர வருத்தம். "பதினஞ்சு வருசம் ஆயிருச்சுன்னா ஓட்ட முடியாதாமா" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விற்றவர்கள் கொங்கில் ஏராளம். தில்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார் என்று வந்த கட்டுப்பாடு தமிழ்நாட்டில் கிடையாது. இங்கே 15 ஆண்டு முடிந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதைக் கேள்விப்படாமல் நல்ல வண்டியைக் காயலான் விலைக்குக் கொடுத்தவர்களின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல நிலையில் போன வண்டி இன்னும் ஓட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், தேடிப் போனால் பலன் கிடைப்பதும் பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

மூன்றாவதுதான் கனமானது: அப்பாவின் வண்டி. காரியம் முடிந்த கையோடு, பங்காளிகள் உட்கார்ந்து பேசும்போதே, "சும்மா நிக்குது, பேட்டரி போயிரும், குடுத்துரலாம்" என்று முடிவாகிவிடும். மூத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று இளையவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார். அம்மாவிடம் யாரும் கேட்பதே இல்லை. அப்பா ஓட்ட, பக்கத்து இருக்கையில் முப்பது வருடம் உட்கார்ந்து வந்தவர் அவர்.

இன்னும் விற்காதவர்கள் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லிவிட்டு, மூன்று மாதம் வரை வாரிசு வண்டியை ஓட்டலாம், அதற்குள் 31ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கின்றன விதிகள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். அம்மா பெயருக்கோ ஒரு பிள்ளை பெயருக்கோ முதலில் மாற்றிவிடுங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை வருடத் திதி முடியும்வரை பேச வேண்டாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி போகாது. ஒரு வருடத்தில் குறையும் விலை, அவசரத்தில் விற்றதை நினைத்துப் பத்து வருடம் வருந்துவதற்கு முன் ஒன்றுமில்லை.

நான்காவது வகை, தன்னையே தேடுவது. கல்லூரி முடித்து முதல் சம்பளத்தில் வாங்கிய மாருதி 800இல், ஊட்டி மலையின் கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் நான்கு நண்பர்களோடு இரண்டாம் கியரில் ஏறிய அந்த இருபத்தைந்து வயது. அந்தக் கார் கிடைக்கலாம். அந்த வயது கிடைக்காது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு போகிறவர்கள், வண்டி கிடைத்தால் உண்மையாகவே சந்தோஷப்படுகிறார்கள்.

வைத்திருந்தால் மட்டும் போதுமா?

விற்காமல் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்ற எண்ணம் வரும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கார் இருக்கிறது. 1983 டிசம்பர் 14 அன்று, இந்தியாவின் முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தியின் கையால் வாங்கியவர் தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங், இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். 2010இல் இறக்கும்வரை அவர் அதை விற்கவில்லை. அவருக்குப் பின் அந்தக் கார் வீட்டுக்கு வெளியே நின்று துருவேறிப் போனது. அந்தப் படங்களைப் பார்த்து நாடெங்கும் பலர் வேதனைப்பட்டார்கள். கடைசியில் மாருதி நிறுவனமே அதைச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் வைத்தது.

விற்காமல் வைத்திருப்பது ஒன்று, காப்பாற்றுவது வேறொன்று. கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளைக்குப் பின்னால் கோழி ஏறி உட்காரும் பியட் கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர்களைக் கேட்டால் "அப்பச்சி வண்டிங்க, விக்க மாட்டமுங்க" என்பார்கள். பாசம் உண்மைதான். ஆனால் தளத்தகடு அரித்துப் போயிருக்கும், எலி வயரிங்கைத் தின்றிருக்கும். உங்களிடமிருந்து வாங்கியவர் அந்த வண்டியைத் தினமும் துடைத்து ஓட்டுகிறார் என்றால், வண்டிக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் வருத்தத்தைக் கணக்கில் எடுக்கும்போது இதையும் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேடுவது எப்படி

விற்றது புரோக்கரிடம் என்றால் முதல் கதவு அவரே. கோவையில் பழைய கார்த் தொழிலில் இருப்பவர்களின் நினைவாற்றல் வியப்பானது. வண்டி எண்ணைச் சொன்னால், "அது பல்லடத்துக்குப் போச்சுங்க, அங்கிருந்து தாராபுரம்" என்று சொல்லிவிடுவார்கள். நேரில் போங்கள், ஒரு டீ குடித்துக்கொண்டு கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் ஏதோ வழக்கு வந்துவிட்டது என்று நினைத்து மறைத்துவிடுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது அதை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. அந்த வழியில் விற்றிருந்தால் யாரிடம் போனது என்பதற்கு வியாபாரியின் பதிவேடே சாட்சி.

அடுத்து, செயலியில் தெரியும் ஆர்.டி.ஓ. அலுவலகம். மாநிலத்துக்குள் பதிவு எண் மாறாது, வண்டி இருக்கும் அலுவலகம் மாறும். டி.என். 38 என்று கோவை வடக்கில் பிறந்த வண்டி இப்போது டி.என். 41 பொள்ளாச்சியிலோ, டி.என். 33 ஈரோட்டிலோ, டி.என். 47 கரூரிலோ இருக்கலாம். தேடும் வட்டம் அங்கேயே பாதியாகச் சுருங்கிவிடும். வேறு மாநிலத்துக்கான தடையில்லாச் சான்று வாங்கியிருந்தால் வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போயிருக்கலாம். கோவை வண்டிகளை அங்கே விரும்பி வாங்குகிறார்கள். உடைப்புக்குப் போய்ப் பதிவு ரத்தாகியிருந்தால் அதுவும் தெரியும். அப்படியென்றால் தேடலை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், வேறு வழியைப் பின்னால் சொல்கிறேன்.

உரிமையாளரின் முழுப் பெயரையும் முகவரியையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்து ஏஜென்ட் மூலம் பணம் கொடுத்து எடுக்க வேண்டாம். அது அந்த மனிதரின் தனிப்பட்ட விவரம். அப்படிக் கண்டுபிடித்து வாசலில் போய் நிற்கிறவரை யாரும் நல்ல மனதோடு வரவேற்க மாட்டார்கள். மெக்கானிக் வழியாகப் போவது நல்ல வழி. பழைய கார்களுக்குப் பட்டறைகள் குறைவு. பியட், அம்பாசடர், கான்டெஸா என்றால் ஒவ்வொரு ஊரிலும் அதற்குக் கை வைக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நஞ்சப்பா ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டால் அவர்கள் பெயர் கிடைக்கும். ஈரோட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் கார் சந்தையிலும் வண்டி எண்ணைச் சொல்லி வைக்கலாம்.

சச்சின் டெண்டுல்கர் 2020இல் ஒரு நேர்காணலில், தன் முதல் கார் மாருதி 800 என்றும், அது இப்போது தன்னிடம் இல்லை என்றும், அது திரும்பக் கிடைத்தால் மகிழ்வேன் என்றும், விவரம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார். எந்தக் காரையும் வாங்கக்கூடிய ஒருவர் அதைப் பொதுவெளியில் கேட்டார். நீங்கள் கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதல் பேச்சு

வண்டி கிடைத்துவிட்டது, தொலைபேசி எண்ணும் வந்துவிட்டது. பலர் சொதப்புவது இந்த இடத்தில்தான். "உங்க வண்டியப் பத்திப் பேசணும்" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவர் போலீஸ், விபத்து, வங்கிக் கடன் என்றுதான் நினைப்பார். பயத்தைப் போக்கும் வார்த்தை முதல் மூச்சிலேயே வர வேண்டும்.

"வணக்கமுங்ணா. கோயமுத்தூர்லருந்து பேசறனுங்க. ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. நீங்க வெச்சிருக்கற வெள்ளை அம்பாசடர் எங்கய்யன் ஓட்டுன வண்டிங்க. உங்களுக்குத் தோதா இருந்தா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போலாமுங்களா?"

"அட, அப்பிடீங்களா! அதுக்கென்னங்க, ஞாயித்துக்கிழமை வாங்க. வண்டி நல்லாத்தானுங்க இருக்குது."

பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். கொங்கில் வண்டி வைத்திருப்பவருக்கு, முந்தின சொந்தக்காரர் தேடி வருவது பெருமை. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இனிப்பு, பழத்தைவிட ஒன்று மேல்: வண்டியின் பழைய படங்கள், சர்வீஸ் பில்கள், எந்த வருடம் எஞ்சின் இறக்கியது, எந்த கியர் எப்போது முரண்டு பிடிக்கும் என்ற குறிப்பு. இவற்றின் நகலை அவரிடம் கொடுங்கள். வண்டியின் வரலாறு அவரிடமும் இருக்கட்டும்.

அன்றைக்கு விலை பேசாதீர்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வார், ஓட்டுங்கள். அம்மா வர முடியுமென்றால் அழைத்துப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள். நான் முன்னே சொன்ன பாதி இங்கே சரியாகிவிடுகிறது. பலர் இதோடு நிறைவாக வீடு திரும்புகிறார்கள். வண்டி இருக்கிறது, யார் வைத்திருக்கிறார் என்று தெரியும், வேண்டுமென்றால் போய்ப் பார்க்கலாம். அவசரமாக விற்றபோது கிடைக்காமல் போன வழியனுப்பு அது. காங்கயம் மாட்டை விற்கிற சம்சாரி மாட்டைக் கொடுப்பார், தன் கயிற்றைக் கொடுக்க மாட்டார். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டு வர வேண்டும். காரை விற்றவர்களுக்கும் அப்படி ஏதாவது ஒன்று கையில் நிற்க வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை எடுத்து வைக்க மறந்தவர்கள், இப்போதைய சொந்தக்காரர் சம்மதித்தால், அன்றைக்குக் கேட்டு வாங்கி வரலாம்.

அதற்குப் பிறகும் வண்டி வேண்டும் என்று தோன்றினால், சில வாரம் விட்டுப் பேசுங்கள். அவர் மறுக்கலாம். 1968இல் வந்த "புல்லிட்" படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய முஸ்டாங் காரை, நியூஜெர்சிக் குடும்பம் ஒன்று 1974இல் வாங்கியது. மெக்குவீன் 1977இல் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அந்தக் காரைத் திரும்ப வாங்க விருப்பம் தெரிவித்தார். அதற்கு ஈடாக இன்னொரு கார் பார்த்துத் தருவதாகவும் சொன்னார். உரிமையாளர் கொடுக்கவில்லை. அந்த வீட்டு அம்மா அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தபோது அது 34 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற நடிகருக்கே மறுப்புக் கிடைத்தது என்றால், அந்தக் குடும்பத்துக்கும் அந்த வண்டி மேல் உயிர் இருந்திருக்கிறது. உங்கள் வண்டியிலும் இப்போது வேறொரு குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். "குடுக்கற மாதிரி இருந்தா முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்ணா" என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள். பல வண்டிகள் இப்படிக் காத்திருந்த பிறகுதான் திரும்பி வருகின்றன.

திரும்ப வாங்கும்போது

கொடுக்கச் சம்மதித்துவிட்டார். இப்போது நீங்கள் பழைய சொந்தக்காரர் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, முன்பின் தெரியாத வண்டியை வாங்கும் ஆளாக மாற வேண்டும். நீங்கள் விற்றபோது இருந்த வண்டி இல்லை இது. எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் உங்களிடம் உள்ள பழைய ஆர்.சி. நகலோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாறியிருந்து ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும். அம்பாசடரிலும் ஆம்னியிலும் இடையில் கேஸ் மாட்டியிருப்பார்கள், அது பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். மிதியடியைத் தூக்கித் தளத்தகட்டை விரலால் தட்டுங்கள். புதுப் பெயின்டுக்குக் கீழே பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் ஒட்டாது. அடமானம் இருந்தால் வங்கியின் 35ஆம் படிவம் வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

விலையில் ஒரு உண்மை: நீங்கள் விற்ற விலைக்குக் கிடைக்காது. உங்கள் முகத்தைப் பார்த்தே விலை ஏறும். அதனால் பேரத்துக்கு மெக்கானிக்கையோ மாமன் மச்சானையோ அனுப்புவதில் தப்பில்லை. ஆனால் உண்மையை மறைத்து, வேறு ஆள் வாங்குவதுபோல நாடகம் போட வேண்டாம். ஊர் சின்னது, பின்னால் தெரிந்தால் மனஸ்தாபம்.

வாங்கும் விலையைவிடப் பிற செலவுகளைக் கூட்டிப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய். பசுமை வரி தனி, எஃப்.சி.க்கு முன் டிங்கரிங், பிரேக், விளக்கு வேலைகள் தனி. 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டி என்றால் 2021 விதிகளின் கீழ் விண்டேஜ் பதிவு வாங்கலாம். அதற்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிவான காரில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே போகலாம். மருதமலைக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு அது சரிவராது.

பாகங்களைப் பற்றிப் பயம் வேண்டாம். அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றது, மாருதி 800உம் அதே ஆண்டில். பியட் பத்மினி நின்று இன்னும் அதிக காலம் ஆயிற்று. ஆனாலும் நீங்கள் இருப்பது கோவை. கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிறது. உடைந்த புஷ், தேய்ந்த பின், நூல் போன போல்ட் எதுவானாலும் மாதிரியைக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். வேறு ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த வசதி இல்லை. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காதது மட்டுமே இங்கே செய்ய வேண்டிவரும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பங்க்குகளில் இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் டயஃப்ரத்தையும் கெடுக்கும். வண்டி வந்த வாரமே எரிபொருள் குழாய்களை மாற்றிவிடுங்கள். டேங்க்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் நிற்க விடாதீர்கள்.

அந்த வண்டியே இல்லை என்றால்

உடைப்புக்குப் போய்விட்ட வண்டிக்காக அலைய வேண்டாம். அதே மாடல், அதே நிறத்தில் இன்னொன்று வாங்கும் யோசனை வரும். இது சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. பியட்டில் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை கியரைப் போடும் சுகத்துக்காக ஏங்குகிறவருக்கு அந்தக் கியர் உள்ள எந்தப் பத்மினியும் போதும். அப்பாவின் வண்டிக்காக ஏங்குகிறவருக்கு வேறொருவரின் அப்பாவுடைய வண்டி போதாது. வாங்கும் முன் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கோ நண்பரிடமிருந்தோ எடுத்து ஓட்டிப் பாருங்கள். திருமண அலங்காரத்துக்குப் பழைய கார் விடுகிறவர்கள் கோவையிலும் இருக்கிறார்கள்.

அவினாசி ரோட்டில் ஜி.டி.நாயுடு அறக்கட்டளையின் வளாகத்தில் 2015 முதல் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பென்ஸின் முதல் மோட்டார் வண்டியின் மாதிரியிலிருந்து பல நாட்டுக் கார்கள் அங்கே நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய், "எங்கய்யன் வெச்சிருந்தது இந்தக் காலத்து வண்டி" என்று சொல்லிக் காட்ட நல்ல இடம். வீட்டில் வண்டியைப் பற்றிப் பேச்சு எடுப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவையும் சித்தப்பாவையும் உட்கார வைத்து, அந்த வண்டியில் நடந்ததையெல்லாம் செல்போனில் பதிவு செய்யுங்கள். பழனிக்குப் போகும்போது எங்கே பஞ்சர் ஆனது, யார் தள்ளினார்கள், எந்த வருட மழையில் நொய்யல் தண்ணீர் எதுவரை ஏறி வண்டி நின்றது என்று. தேதி, வண்டி எண், ஓட்டியவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பழைய ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள். இந்த வேலையை வண்டி திரும்பக் கிடைத்தவர்களும் செய்யலாம். சித்தப்பாவுக்கு வயது எண்பது என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.